லாரி மேல வாரி எறிஞ்ச மண்

எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டுறவர். பொண்ணு பார்க்க வந்தப்பவே, வாரத்துல பாதி நாள் ரோட்லதான் இருப்பேன், அதுக்குச் சம்மதம்னா மட்டும் மேல பேசலாம்னு நேராவே சொன்ன மனுஷன். எங்க அப்பாவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எனக்கும்தான், பொய் சொல்லாத ஆளா இருக்காரேன்னு. அந்தப் பாதி நாள் வீட்ல இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்னு மட்டும் யாரும் எனக்குச் சொல்லல.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ரைஸ் மில். அங்க அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு, திருவண்ணாமலை வந்து, செங்கம் ரோட்டைப் பிடிச்சு பெங்களூர் போறதுதான் அவர் லைன். போகணும், லோடு இறக்கணும், திரும்பி வர்றதுக்கு ஏதாவது லோடு கிடைக்குதானு காத்துக்கிடக்கணும். எல்லாம் சேர்ந்து மூணு நாலு நாள் ஆயிடும். வீடு எங்களுக்கு வேங்கிக்கால்ல, புதுசா முளைச்ச தெருவுல, வாடகைக்கு. நான் அங்கேயே கவர்மெண்ட் ஆபீசுங்களுக்கு எதிர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பார்க்கிறேன். ஒரே பையன், வெளியூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறான்.

செவ்வாய்க்கிழமை விடியக்காலையில நான் மலை சுத்துவேன். பௌர்ணமிக்குப் போகமாட்டேன். அன்னைக்கு ஊரே ரோட்ல இருக்கும், நாம நடக்கிறோமா நம்மளைத் தள்ளிக்கிட்டுப் போறாங்களானே தெரியாது. செவ்வாய்க்கிழமை நிம்மதியா நடக்கலாம். வேண்டுதல் ஒண்ணே ஒண்ணுதான், அவர் பத்திரமா வீடு வந்து சேரணும். காசு பணம் கேட்டதில்ல, பையனுக்கு மார்க்குகூடக் கேட்டதில்ல. நாலு விஷயத்தைக் கேட்டா சாமிக்குக் குழம்பிடும், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டா ஞாபகம் இருக்கும்னு என் நினைப்பு. ஜெராக்ஸ் கடையில நின்னு நின்னு வந்த புத்தி அது.

மலை சுத்துறதுல ஒரு முறை இருக்கு. மலை நமக்கு வலது கைப்பக்கம் வரணும், நாம ரோட்டுக்கு இடது ஓரமா நடக்கணும். மலையை ஒட்டின வலது ஓரம் சித்தருங்களும் தேவருங்களும் கண்ணுக்குத் தெரியாம நடக்கிற பக்கம். அதுல நாம போய் இடிச்சுக்கிட்டு நடக்கக்கூடாது. எங்க ஊர்க்காரங்க இதுல சந்தேகமே படமாட்டாங்க.

ஆனா நம்ம ஊர்ல வண்டியும் இடது பக்கம்தான் போகுது. அதனால நாங்க அத்தனை பேரும் லாரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் சாமியை நினைக்கிறோம். உள் ரோட்ல, அடி அண்ணாமலைப் பக்கமெல்லாம், இது பெருசாத் தெரியாது. செங்கம் ரோட்ல நடக்கிற அந்த ஆரம்பத் துண்டுதான் பேஜாரு. பைபாஸ் இருந்தாலும் அவசரக்காரங்க ஊருக்குள்ளதான் விடுவாங்க. நடைபாதை போட்டு வெச்சிருக்காங்க, இல்லைனு சொல்லல. அதுல ஒரு இடத்துல டீ வண்டி நிக்கும், ஒரு இடத்துல பைக்கு நிக்கும், அதையும் தாண்டினா ஒரு சாமியார் போர்த்திக்கிட்டுப் படுத்திருப்பார். கடைசியில நடக்கிறவங்க தார் ரோட்டுக்குத்தான் இறங்கியாகணும்.

இந்த இடது ஓரம் எங்க வீட்டுக்காரருக்குச் சுத்தமா ஆகல. அவர் பேசறதே கம்மி, ரோட்டைப் பத்தின்னா மட்டும் வாய் ஓயாது. என்னை டூவீலர்ல பின்னாடி வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போறப்ப முன்னாடி ஒரு லாரி போச்சுன்னா, நல்லாத் தள்ளி, அதோட சைடு கண்ணாடி தெரியற மாதிரிதான் பின்னாடி போவார். கண்ணாடியில டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரியலைன்னா, அவனைப் பொறுத்தவரைக்கும் நீ ரோட்லயே இல்லம்பார். சிக்னல்ல லாரிக்கு இடது பக்கத்துச் சந்துல வண்டியை நுழைக்கிற பசங்களைப் பார்த்தா இவர் பதறிப் போயிடுவார். சீட்ல உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தப் பக்கத்துக் கதவுக்குக் கீழ நிக்கிற ஆளு தெரியவே தெரியாதாம். லோடு ஏத்தின வண்டி பிரேக்கை மிதிச்ச இடத்துல நிக்காதாம், கொஞ்ச தூரம் போய்த்தான் நிக்குமாம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போறப்பகூட கிளாஸ் எடுக்கிற மனுஷனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது.

வலது பக்கம் நட, வர்ற வண்டி உனக்கு எதிர்ல தெரியும், ஓட்டுறவனுக்கும் உன் மூஞ்சி தெரியும்னார். நான் சித்தருங்களைச் சொன்னேன். அப்ப பௌர்ணமிக்குப் போ, அன்னைக்கு அந்தப் பக்கம் லாரியே விடமாட்டான்னார். கூட்டம் எனக்கு ஒத்துக்காதுன்னேன். நடைபாதையை விட்டு இறங்காதேன்னார். வந்து பாருங்க, அங்க உங்களுக்கு ஒரு பாதம் வைக்க இடம் இருக்கானுன்னேன். கடைசியா, எனக்காக நடக்கிறதுன்னா நீ நடக்கவே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார். அதுக்குத்தான் எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"நீங்க ரோட்ல இருக்கிறப்ப நான் இன்னாதான் பண்றது? கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கவா?"ன்னு கேட்டேன்.

பேச்சு அத்தோட நின்னுச்சு. நான் இடது ஓரமாவே நடந்துக்கிட்டிருந்தேன்.

எங்களுக்குள்ள இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. வண்டி ஓடுறப்ப நான் போன் பண்ணமாட்டேன், நிறுத்துற இடத்துல அவர்தான் பண்ணுவார். யார் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன், நீ கூப்பிட்டா மட்டும் கை தானாப் போயிடும், அதனால நீ கூப்பிடவே கூப்பிடாதேன்னு கல்யாணமான புதுசுல சொன்னார். சண்டையோ, கெட்ட சேதியோ, எதுவானாலும் அவர் வீட்டுக்குள்ள வந்து கை கால் கழுவினப்புறம்தான்.

போன மாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் சாயங்காலமே லோடு ஏத்தறேன்னு கிளம்பிப் போயிட்டார். விடியறப்ப அவர் கிருஷ்ணகிரி தாண்டியிருப்பார்னு நான் நினைச்சுக்கிட்டேன். மூட்டை ஏத்தற ஆளுங்க வர லேட்டாகி, அவர் ராத்திரி முழுக்க மில்லு வாசல்லயே உட்கார்ந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

செங்கம் ரோட்டோரத்து எமலிங்கம் கோயில்ல கும்பிட்டுட்டு, விபூதி வெச்சுக்கிட்டு, மறுபடி ரோட்டுக்கு வந்தேன். ஆளு தெரியற அளவுக்கு வெளிச்சம் வந்திருந்தது. நடைபாதை மேல ஒரு டீ வண்டியும் ஒரு வேனும் நின்னுக்கிட்டிருந்தது, அதனால இறங்கி தார் ரோட்ல நடந்தேன். பின்னாடி ஹாரன் அடிச்சான் ஒருத்தன். அந்த ரோட்ல ஹாரன்னா காக்கா கத்தற மாதிரி, யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல. மறுபடி அடிச்சான், நீட்டி. எனக்குச் சுர்ருனு ஏறுச்சு. சாமி பேரைச் சொல்லிக்கிட்டு நடக்கிறவங்ககிட்ட இன்னா அதிகாரம், இவ்வளவு ரோடு கிடக்கே, தள்ளித்தான் போகட்டுமேன்னு திரும்பாமயே நடந்தேன். எதிர்ல ஒரு பஸ் வர்றதைப் பார்த்தேன். அந்த பஸ் வர்றதால பின்னாடி இருக்கிறவன் தள்ளிப் போக முடியாதுங்கிறது என் புத்திக்கு எட்டல.

பிரேக் கிறீச்சுனு கத்துச்சு. அடுத்த நிமிஷம் வண்டி என் வலது தோளை ஒட்டிப் போகுது. முந்தானை காத்துல அதுகூடவே இழுத்துக்கிட்டுப் போய்த் திரும்பி வந்து விழுந்தது. டயரோட சூடு கால்ல பட்டது. நான் தடுமாறிப் போய் டீ வண்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

பயம் போனதும் கோவம்தான் வந்தது. குனிஞ்சு ரோட்டோரத்து மண்ணை ஒரு கை வாரினேன். போற லாரி மேல எறிஞ்சேன்.

"நீ ஊடு போய்ச் சேர மாட்டடா!"ன்னு கத்தினேன்.

எங்க பக்கத்துல மண்ணை வாரித் தூத்திச் சொன்னா அது வெறும் திட்டு இல்ல. வயிறு எரிஞ்சு சொல்றது, பலிச்சே தீரும்பாங்க. குழாயடியில பக்கத்து வீட்டுக்காரி என் குடத்தை உருட்டி விட்டப்பகூட நான் வாயோட நிறுத்திக்கிட்டவ. வாழ்நாள்ல முதல் தடவையா மண்ணை எடுத்தேன். எடுத்த இடத்தையும் பாருங்க, எமலிங்கத்துக்கு எதிர்ல, நெத்தியில வெச்ச விபூதி காயறதுக்குள்ள.

லாரி கொஞ்ச தூரம் மெதுவாப் போச்சு. பின்னாடி பம்பர்ல ஏதோ ஆடிக்கிட்டிருந்தது. திருஷ்டிக்கு லாரிக்காரங்க பழைய செருப்பு கட்டித் தொங்க விடுவாங்க இல்ல, அந்த மாதிரி. இது செருப்பு இல்ல, குழந்தையோட ஸ்கூல் ஷூ. ஒத்தை ஷூ, மஞ்சள் ரிப்பன்ல கட்டியிருந்தது. எங்க பையன் மூணாங்கிளாஸ்ல போட்ட ஷூ அது. கறுப்புக் கயிறு கிடைக்காம, கையில கிடைச்ச மஞ்சள் ரிப்பனால அதைக் கட்டினவ நான்தான். வண்டி மாறினப்பகூட அவர் அதை அவிழ்த்து எடுத்துக்கிட்டு வந்து இந்த வண்டியில கட்டினார்.

நான் பார்த்துக்கிட்டே நிக்கிறேன், வண்டி வேகம் எடுத்துத் திருப்பத்துல மறைஞ்சு போச்சு.

டீ வண்டிக்காரர் தண்ணி கொண்டாந்து கொடுத்தார். அடி எதுவும் படலியேம்மான்னு கேட்டார். வண்டி நம்பரைப் பார்த்தியா, போலீசுக்குச் சொல்லலாம்னார். பார்க்கலைன்னேன். மனசு ஆறாம, நல்லாச் சொன்னேம்மா, இவனுங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லணும், பலிக்கும் பாருன்னார். அந்த நல்ல மனுஷன் வாயை என் கையாலயே பொத்தணும் போல இருந்தது.

போனைக் கையில எடுத்தேன். கூப்பிட்டா எடுத்துடுவார். அதுதான் பயம். ராத்திரி பூரா தூங்காம, லோடு வண்டியை ஓட்டிக்கிட்டு, இப்பத்தான் ஒரு பொம்பளையைச் சாகடிக்கப் பார்த்துத் தப்பிச்சவர். அவர்கிட்ட போய், அது நான்தான், உங்க மேலதான் மண்ணைத் தூத்தினேன்னு சொல்ல முடியுமா? போனைப் பையில போட்டுட்டு நடக்க ஆரம்பிச்சேன். பாதியில திரும்பினா சுத்து முடிஞ்ச கணக்கு ஆகாது. இத்தனை வருஷம் நடந்ததுல அன்னைக்கு நடந்த தூரம் மாதிரி ஒரு தூரம் நான் நடந்ததே இல்ல.

இத்தனை வருஷமாக் கேட்டது ஒரு பக்கம், இன்னைக்குக் கத்தினது ஒரு பக்கம். சாமி எதை எடுத்துக்கும்? எங்க கடையில கடைசியா வந்தவன் சத்தம் போட்டான்னா அவன் வேலையைத்தான் முதல்ல முடிச்சு அனுப்புவோம். அடி அண்ணாமலை கோயில்ல நின்னு, ஆளு தெரியாமச் சொல்லிட்டேன், அதை எடுத்துக்காதேன்னு அழுதேன். சொல்லி முடிச்சதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேற எவனாவது அந்த வண்டியில இருந்திருந்தா பலிக்கலாமா? அவனுக்கும் வீட்ல ஒருத்தி இருப்பாளே. அதை ரொம்ப நேரம் நினைக்க முடியாம அங்கிருந்து கிளம்பிட்டேன்.

மத்தியானம் கடையில இருக்கிறப்ப போன் வந்தது. ஓசூர்கிட்ட சாப்பிட நிறுத்தியிருக்கேன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டேன். அவரே சொல்ல ஆரம்பிச்சார். லோடு லேட்டாயிடுச்சாம், பைபாஸ் போனா சுத்துனு ஊருக்குள்ள விட்டாராம். எமலிங்கம் தாண்டி ஒரு பொம்பளை, எவ்வளவு ஹாரன் அடிச்சாலும் திரும்பல. எதிர்ல பஸ்ஸு. பிரேக் மேலயே ஏறி நின்னாராம், வண்டி நிக்கல. ஒரு கை அகலம்தான் இருந்திருக்கும், எப்படிப் பொழைச்சாளோ தெரியலைன்னார். அவ மண்ணை வாரித் தூத்தினதைக் கண்ணாடியில மங்கலா, மூஞ்சி தெரியாமப் பார்த்திருக்கார்.

"இந்தா, நீ அந்த மாதிரி நடக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்"னார்.

நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அவர் இன்னும் பெங்களூர் டிராபிக்குக்குள்ள போகணும், இறக்கணும், ஏத்தணும், அவ்வளவு தூரம் திரும்பி வரணும். சரிங்க, மெதுவாப் போங்கன்னு சொல்லி வெச்சுட்டேன்.

அவர் திரும்பி வர்ற வரைக்கும் நான் நானா இல்ல. கடையில ஒரு பெரியவரோட ரேஷன் கார்டைத் தலைகீழா வெச்சு மூணு காப்பி எடுத்துக் கொடுத்தேன். குழம்புல உப்புப் போட்டேனா இல்லையானு தெரியாம ரெண்டு தடவை போட்டேன். அவர் போன் பண்ணினா, இப்ப எந்த ஊரு, சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கேட்டேன். என்னைக்கும் இல்லாத கேள்வியா இருக்கேன்னு சிரிச்சார். சிரிக்கிறதைக் கேட்டா இன்னும் ஜாஸ்தியாப் பயமா இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வண்டியை மில்லுல விட்டுட்டு டூவீலர்ல வந்து சேர்ந்தார். நான் தட்டு தயாரா வெச்சிருந்தேன். முச்சந்தி மண், காய்ஞ்ச மிளகாய், கல்லுப்பு, கடுகு. பையைக்கூட இறக்க விடல. அங்கேயே நில்லுங்க, கிழக்கப் பாருங்கன்னு வாசல்ல நிறுத்தி, அத்தனையும் கையில எடுத்து அவர் தலையைச் சுத்தினேன். இதுல எல்லாம் அவருக்கு நம்பிக்கை கம்மி. ஆனாலும் அசதியில அப்படியே நின்னார். அடுப்புல போட்டு மிளகாய் வெடிச்சு அடங்கினப்புறம்தான் என்னாச்சுன்னு கேட்டார்.

"அன்னைக்கு எமலிங்கத்துகிட்ட நீங்க பார்த்தது நான்தாங்க."

அவருக்கு உடனே ஏறல. "காப்பிக் கலர் புடவை?"ன்னார்.

"ஆமாங்க. நான்தான் மண்ணைத் தூத்தினேன். நீ ஊடு போய்ச் சேர மாட்டடான்னு சொன்னேன். ஷூ ஆடறதைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது."

பையைக் கீழ வெச்சார். வாசப்படியிலயே உட்கார்ந்துட்டார். சாபம் விட்டதுக்குத் திட்டப் போறார்னு நான் நின்னுக்கிட்டிருந்தேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கல. ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டார். தெருவுல பசங்க விளையாடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது.

"கட்டின பொண்டாட்டி முதுகு. எனக்கு அடையாளம் தெரியல"ன்னார்.

முதுகுல எழுதியா ஒட்டியிருக்குன்னு நான் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கல. என்னைப் பார்க்காம சொன்னார்.

"நானும் சும்மா போகல. சாவு கிராக்கி, போய்ச் சாவுன்னேன்."

எழுந்து செருப்பைக்கூடப் போடாம தெருக்கோடிக்கு நடந்தார். முச்சந்தியில குனிஞ்சு ஒரு கை மண் எடுத்துக்கிட்டு வந்தார். விளையாடுற பசங்க ஆட்டத்தை நிறுத்திட்டுப் பார்த்தானுங்க. கிழக்கப் பார்த்து நில்லுன்னார். நின்னேன். அவருக்கு எப்படிச் சுத்தறதுன்னு தெரியாது, எத்தனை தடவைனும் தெரியாது. கையை மூடிக்கிட்டு என் தலையைச் சுத்திச் சுத்தி வந்தார். போதும்னு நான் சொல்லியிருக்கணும், சுத்தட்டும்னு விட்டுட்டேன். சுத்திக்கிட்டே, சித்தருங்க இருந்தா கொஞ்சம் தள்ளி நடந்துக்குவாங்க, லோடு வண்டி தள்ளிப் போகாதும்மேன்னார். இந்தத் தடவை நான் எதிர்த்துப் பேசல.

இப்ப நான் வலது ஓரமா நடக்கிறேன். செங்கம் ரோடு முடியற வரைக்கும்தான், உள் ரோட்டுக்குத் திரும்பினதும் பழையபடி இடது பக்கம் போயிடுவேன். கூட நடக்கிறவங்க ஒரு மாதிரி பார்க்கிறாங்க. இந்தம்மாவுக்கு முறை தெரியலைன்னு ஒருத்தர் காதுபடவே சொன்னார். கிளம்பறப்பவே, குறுக்கே வந்துட்டேன் மன்னிச்சுக்குங்கன்னு மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுடறேன்.

அந்த ஓரத்துல நடந்தா எனக்கு எதிர்ல வர்றதெல்லாம் ஊருக்குத் திரும்பி வர்ற வண்டிங்க. இத்தனை வருஷம் ஒரு டிரைவருக்காக நடந்தேனே தவிர, நடக்கிறப்ப ஒரு டிரைவர் மூஞ்சியையும் பார்த்ததில்ல. இப்பப் பார்க்கிறேன். கண்ணு செவந்து, தலையில துண்டு கட்டி, சில பேர் வாயில பீடியோட. என்னைப் பார்த்ததும் லைட்டை இறக்கறான், கொஞ்சம் ஒதுக்கறான். வண்டி பக்கத்துல வர்றப்ப நான் ஒரு அடி தள்ளி நின்னுக்கிறேன். அது யாரா இருந்தாலும் சரி, ஊடு போய்ச் சேருப்பான்னு சொல்லி அனுப்பிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன்.